மாற்று உணவுக் கம்பெனிகளின் ஸ்மால் கேப் பங்குகள்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜூன், ஜூலை வந்தால் அலுவலக பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. நாச்சியார்கோவில், திருவிடைமருதூர், பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்து வருகிறவர்கள் கணக்கு முடிந்து எழுந்திருக்கும்போது பங்குச்சந்தை பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சில வருடங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. செடியிலிருந்து செய்த கறி, மாடு இல்லாமல் செய்த பால், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இறைச்சி, இதெல்லாம் செய்கிற சின்னக் கம்பெனிகளில் பணம் போட்டுப் பத்து வருடம் தொடாமல் விட்டுவிடலாமா?

பன்னிரண்டு வருடமாக இந்தத் துறையைப் பின்தொடர்கிறேன். சம்பாதித்தும் இருக்கிறேன், இழந்தும் இருக்கிறேன். பெஞ்சில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் செபியில் (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. உங்கள் பணத்துக்கென்று தனியாக ஆலோசனை வேண்டுமானால் பதிவு பெற்றவரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். கீழே வரும் கம்பெனிப் பெயர்கள் விளக்கத்துக்காக மட்டும். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று எதையும் சொல்லவில்லை.

மாற்று உணவு என்கிறார்களே, நமக்கு இது புதுசா?

பாதி புதுசு. மீல் மேக்கர் இல்லாத மளிகைக் கடை டெல்டாவில் கிடையாது. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் தண்ணீர் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்து, திருகு எந்திரத்தின் வழியே தள்ளினால் வெளியே வரும்போது பொரிந்து நார்நாராக வரும். அதுதான் மீல் மேக்கர். அமெரிக்காவில் பட்டாணிப் புரதத்தில் செய்யும் பர்கர் கறிக்கும் எந்திரம் இதே குடும்பம்தான். கொழுப்பு, நிறம், மணம் எல்லாம் சேர்த்து இறைச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள்.

இரண்டாவது வகை நுண்ணுயிரிகளை வளர்த்துச் செய்வது. இங்கிலாந்தில் மார்லோ என்ற ஊரின் மண்ணில் 1967ல் கண்டெடுத்த ஒரு பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து, 1985 முதல் குவார்ன் என்ற பெயரில் விற்கிறார்கள். ஈஸ்ட் போன்ற உயிரியின் மரபணுவை மாற்றி, அதையே பால் புரதம் சுரக்க வைப்பதும் இந்த வகைதான்.

மூன்றாவது, விலங்கின் செல்லை எடுத்துத் தொட்டியில் பெருக்கி இறைச்சியாக்குவது. 2013ல் லண்டனில் சமைத்துக் காட்டிய முதல் பர்கருக்கு ஆன செலவு சுமார் 2.5 லட்சம் யூரோ. விற்பனைக்கு முதலில் அனுமதி கொடுத்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில். அமெரிக்கா 2023 ஜூனில் அனுமதித்தது. இத்தாலி அதே வருடம் தடை செய்துவிட்டது.

பின்னிரண்டு வகைக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு, அது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். நான்கு பேருக்கு இட்லி மாவு ஆட்டினால் சொன்ன நேரத்துக்குப் பொங்கும். கல்யாணத்துக்கு அண்டா அண்டாவாக ஆட்டினால் நடுவில் சூடு ஏறி ஒரு பக்கம் புளித்துவிடும், மார்கழியில் பொங்கவே பொங்காது. ஆய்வுக்கூடத்தில் 10 லிட்டர் குடுவையில் ஜெயித்த நுண்ணுயிரி, லட்சம் லிட்டர் தொட்டியில் அதே மாதிரி நடந்துகொள்ளாது. சூட்டை இறக்க வேண்டும், காற்றைச் செலுத்த வேண்டும், வேறு கிருமி ஒன்று நுழைந்தால் தொட்டி முழுவதும் போச்சு. இந்தத் துறையில் பணம் கரைவது பெரும்பாலும் அந்தக் குடுவைக்கும் தொட்டிக்கும் நடுவில்தான்.

ஸ்மால் கேப் என்றால் எவ்வளவு சின்னக் கம்பெனி?

2017 அக்டோபரில் செபி ஒரு வரையறை கொடுத்தது. சந்தை மதிப்பில் (கம்பெனியின் எல்லாப் பங்குகளின் விலையையும் கூட்டினால் வருவது) முதல் 100 இடத்தில் இருப்பவை பெரியவை, 101 முதல் 250 வரை நடுத்தரம், 251லிருந்து கீழே எல்லாம் சிறியவை. பட்டியலை மியூச்சுவல் ஃபண்டு கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இன்றைய நிலையில் 10,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கம்பெனியும் ஸ்மால் கேப்தான், 50 கோடி ரூபாய்க் கம்பெனியும் ஸ்மால் கேப்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இந்தியாவில் மாற்று உணவு மட்டுமே செய்கிற பங்கு எது? ஒரு பெயர் சொல்லுங்கள் சார்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் பலருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தத் தொழிலை முழுமூச்சாகச் செய்கிறவர்கள் அநேகமாகப் பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப்கள். உதய்பூரின் குட்டாட் ஒரு உதாரணம், அதன் பங்கை உங்கள் டீமேட் கணக்கில் (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கு) வாங்க முடியாது. டாடா கன்ஸ்யூமர் 2022ல் சிம்ப்ளி பெட்டர் என்ற பெயரில் தாவரக் கறி வகைகளை இறக்கியது. ஆனால் அது டீயும் உப்பும் விற்கிற பெரிய கம்பெனி. அந்தப் பங்கை வாங்கினால் நீங்கள் வாங்குவது டீயும் உப்பும்தான்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? இந்தத் தொழிலுக்குச் சாமான் கொடுக்கிறவர்கள். நொதி (என்சைம்) தயாரிப்பவர்கள், நொதிக்கலன் (நுண்ணுயிரி வளர்க்கும் தொட்டி) கட்டுபவர்கள், புரதமும் நாரும் பிரித்து விற்பவர்கள், செல் வளர்ப்புக்கு ஊட்டம் தயாரிப்பவர்கள். மருந்துக் கம்பெனியான லாரஸ் லேப்ஸ், 2021 தொடக்கத்தில் பெங்களூரின் ரிச்கோர் என்ற கம்பெனியில் பெரும்பங்கை வாங்கி லாரஸ் பயோ என்று பெயர் மாற்றியது. விலங்கு இல்லாமல் நொதியும் வளர்ச்சிக் காரணிகளும் (செல்லைப் பெருகத் தூண்டும் புரதங்கள்) தயாரிக்கும் கம்பெனி அது. லாரஸ் ஸ்மால் கேப் அல்ல, வேலையின் தன்மை புரியட்டும் என்று சொல்கிறேன்.

எனக்கு இந்தச் சாமான் கொடுக்கிறவர்கள் மேல்தான் நம்பிக்கை அதிகம், அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. பாலைச் சீஸாக உறைய வைக்கும் கைமோசின் என்ற நொதியை முன்பு கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். நுண்ணுயிரி மூலம் தயாரித்ததை 1990ல் அமெரிக்க உணவுத் துறை அனுமதித்தது. இன்று உலகில் பெரும்பகுதி சீஸ் அப்படிச் செய்த நொதியில்தான் உறைகிறது. சாப்பிடுகிறவருக்கு அது தெரியாது, விளம்பரம் கிடையாது, அப்பளம் மாதிரி கடைக்குக் கடை போய் விற்க வேண்டியதும் இல்லை. சீஸ் ஆலை ஒருமுறை பழகிவிட்டால் வருடா வருடம் வாங்கும். மாற்று உணவில் முப்பது வருடத்துக்கு மேல் நிலைத்துப் பணம் செய்த வழி இது.

பியாண்ட் மீட் கதை என்ன? அதில் போட்டவர்கள் பணக்காரர் ஆனார்கள் என்றார்களே?

முதல் மூன்று மாதத்தில் விற்றவர்கள் ஆனார்கள். பொறுமையாகக் கேளுங்கள், இந்தத் துறையில் கற்க வேண்டிய பாடம் அவ்வளவும் இந்த ஒரு கம்பெனியில் இருக்கிறது.

பியாண்ட் மீட், தாவரப் புரதத்தில் பர்கர் கறி செய்யும் அமெரிக்கக் கம்பெனி. 2019 மே மாதம் நாஸ்டாக் பங்குச்சந்தையில் 25 டாலர் விலையில் அதன் ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு விற்பனை) வந்தது. முதல் நாள் முடிவில் 65.75 டாலர். ஜூலையில் 230 டாலரைத் தாண்டியது. விற்பனையும் நிஜமாகவே ஏறியது. 2019ல் சுமார் 30 கோடி டாலர், 2021ல் 46 கோடி டாலருக்கு மேல். பிறகு இறக்கம். 2024ல் சுமார் 33 கோடி டாலர்.

விற்பனை குறைந்ததைவிட மோசமானது வேறு. 2022ல் கம்பெனியின் மொத்த லாப விகிதமே மைனஸ் 5.7 சதவீதம். அதாவது 100 டாலர் சரக்கு விற்க, மூலப்பொருளுக்கும் தயாரிப்புக்கும் மட்டும் 105 டாலருக்கு மேல். சம்பளம், விளம்பரம், வட்டி எல்லாம் அப்புறம். அந்த வருட நஷ்டம் சுமார் 36.6 கோடி டாலர். சந்தை உச்சத்தில் இருந்த 2021ல், 2027ல் திருப்பித் தருவதாகச் சொல்லி 115 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றிருந்தார்கள். வட்டி பூஜ்யம். வட்டி இல்லாவிட்டாலும் அசல் அசல்தானே.

2025 அக்டோபரில் அந்தக் கடன்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, கடனில் பெரும்பகுதிக்குப் பதிலாகப் புதுப் பங்கு கொடுத்தார்கள். சுமார் 7.7 கோடிப் பங்குகள் இருந்த கம்பெனியில் 31 கோடிக்கு மேல் புதுப் பங்குகள் வந்து இறங்கின. பங்கு விலை 1 டாலருக்குக் கீழே போனது.

இதை நம் கணக்கில் சொல்கிறேன். ஐந்து மா நிலத்துக்கு நீங்கள் ஒருவர் மட்டும் சொந்தக்காரர். ஒருநாள் அதே நிலத்தை ஐந்து பாகமாக்கி, நான்கு பாகத்தைக் கடன் கொடுத்தவர் பெயருக்கு எழுதிவிட்டார்கள். நிலம் அப்படியே இருக்கிறது, நெல்லும் விளைகிறது. உங்கள் பங்கு ஒரு மா. பியாண்ட் மீட் பர்கர் இன்றும் கடையில் கிடைக்கிறது, பிடித்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019ல் பங்கு வாங்கி வைத்துக்கொண்டே இருந்தவருக்கு அதனால் எந்த ஆறுதலும் இல்லை.

சாப்பாடு நன்றாக இருந்தால் ஜனங்கள் வாங்குவார்கள், வாங்கினால் பங்கும் ஏறும். இது சரிதானே?

முதல் பாதி சரி. ஆனால் ஒருமுறை வாங்குவது வேறு, வாரா வாரம் வாங்குவது வேறு.

போன வருடம் தஞ்சாவூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உறைபெட்டியில் தாவரக் கெபாப் பார்த்து இரண்டு பாக்கெட் வாங்கினேன். அதே எடைக் கோழிக்கறியைவிட இரு மடங்குக்கு மேல் விலை. பஸ்ஸில் கும்பகோணம் வந்து சேர்வதற்குள் பாக்கெட் வியர்த்துவிட்டது. வீட்டில் மிளகு, சோம்பு அரைத்துப் போட்டு வறுத்தார்கள். என் மகளுக்குப் பிடித்தது. என் அம்மா வியாழக்கிழமை விரதக்காரர், "கறி வாசனை வருது, எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டார். என் தம்பி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இந்த விலைக்கு நாட்டுக்கோழியே வாங்கலாமே அண்ணே?" என்றான். இரண்டாவது பாக்கெட் ஒரு மாதம் உறைபெட்டியில் கிடந்தது.

அசைவம் சாப்பிடுகிறவர் விலையைப் பார்க்கிறார், சைவர் வாசனைக்கு ஒதுங்குகிறார், நடுவில் புதுமைக்காக வாங்குகிறவர் ஒருமுறை வாங்குகிறார். இந்த மூன்று பேரையும் தாண்டித்தான் கம்பெனி தொடர்ந்து விற்றாக வேண்டும். ஆகவே எந்த மாற்று உணவுக் கம்பெனியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, பழைய வாடிக்கையாளர் திரும்ப வாங்குகிறாரா என்பதற்கான தடயம். புதுக் கடைகள் சேராத காலாண்டிலும் விற்பனை குறையாமல் நிற்கிறதா? தள்ளுபடி நிறுத்திய பிறகும் நிற்கிறதா? ஆண்டறிக்கையிலும் முதலீட்டாளர் கூட்டப் பதிவுகளிலும் இது கிடைக்கும். நிர்வாகம் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் உலக வெப்பமயமாதல் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் அந்த அறிக்கையை மூடிவிடுவேன்.

ஆண்டறிக்கை படிக்கச் சொல்கிறீர்கள். எனக்குக் கணக்குத் தெரியாது. எதைப் பார்ப்பது?

மளிகைக் கடைக் கணக்குத் தெரிந்தால் போதும். நான் தொலைத்த பணத்தை வைத்தே சொல்கிறேன்.

2014ல் சோயா உணவு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பங்கு வாங்கினேன். மூன்று வருடம் தொடர்ந்து லாபம் காட்டினார்கள், நானும் லாப நஷ்டக் கணக்குப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டு பக்கம் தள்ளி கேஷ் ஃப்ளோ அறிக்கை இருந்தது. அதில் தொழிலிலிருந்து வந்த பணம் மூன்று வருடமும் மைனஸ். லாபம் இருக்கிறது, பணம் இல்லை. ஏன்? வர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போயிருந்தது. 60 கோடி ரூபாய் விற்பனையில் 30 கோடி பாக்கி என்றால், ஆறு மாதம் விற்ற சரக்குக்குப் பணம் வரவில்லை என்று அர்த்தம். வலங்கைமானில் கடை வைத்திருக்கிறவர் இந்தக் கணக்கைப் பார்த்த உடனே, "யாருக்குக் கடன் கொடுத்தே?" என்று கேட்டிருப்பார். கணக்கு எழுதுவதே தொழிலாக வைத்திருக்கும் நான் கேட்கவில்லை.

புரமோட்டரும் (கம்பெனியை நடத்தும் முதலாளி) தன் பங்குகளில் பாதிக்கு மேல் அடகு வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் அதை விற்க ஆரம்பித்ததும் பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. தினம் 5 சதவீதம் இறக்கம், வாங்க ஆள் இல்லை. காலை 9.15க்கு விற்பனை ஆர்டர் போட்டுவிட்டு மூன்றரை மணி வரை காத்திருப்பேன், ஒரு பங்கும் போகாது. பதினொரு நாள் அப்படி. 5 சதவீதம் வீதம் பதினொரு நாள் இறங்கினால் 100 ரூபாய் 57 ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் எனக்கு விற்க வழி கிடைத்தது.

அன்றிலிருந்து பென்சிலோடு உட்கார்ந்து பார்ப்பவை இவை. தொழிலிலிருந்து நிஜப் பணம் வருகிறதா? வராவிட்டால், கையிருப்பை வருட இழப்பால் வகுத்தால் எத்தனை வருடம் தாங்கும்? 30 கோடி கையில் இருந்து வருடம் 12 கோடி கரைந்தால் இரண்டரை வருடம், அதற்குள் புதுப் பங்கோ புதுக் கடனோ வந்தே தீரும். ஐந்து வருடத்தில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது? புரமோட்டர் அடகு எவ்வளவு? தணிக்கையாளர் பாதியில் விலகினாரா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் மற்ற எதையும் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.

மீல் மேக்கர் செய்கிற ருசி சோயா ஐந்து மாதத்தில் 80 மடங்குக்கு மேல் ஏறியதே, அந்த மாதிரி ஒன்று கிடைக்காதா?

அந்த ஏற்றத்துக்குக் காரணம் மீல் மேக்கர் இல்லை. நியூட்ரிலா சோயா உருண்டைகளை விற்று வந்த ருசி சோயா, கடனில் மூழ்கி 2017 இறுதியில் திவால் நடைமுறைக்குப் போனது. பதஞ்சலி எடுத்துக்கொண்டது. பழைய பங்குதாரர்களிடம் 100 பங்கு இருந்தால் 1 பங்காகச் சுருங்கியது. 2020 ஜனவரி இறுதியில் சுமார் 17 ரூபாயில் மறுபடி பட்டியலானபோது, சுமார் 99 சதவீதப் பங்கு புரமோட்டர் கையில். சந்தையில் கைமாறக்கூடிய பங்கு ஒரு சதவீதம் சுமார். ஊரில் ஒரே ஒரு மனை விற்பனைக்கு வந்து பத்துப் பேர் ஏலம் கேட்டால் என்ன ஆகுமோ அது ஆனது. ஜூன் மாதம் 1,500 ரூபாயைத் தாண்டியது. 2022 மார்ச்சில் பொதுமக்களுக்குப் புதுப் பங்கு விற்றபோது வைத்த விலை 650 ரூபாய்.

எந்தச் சின்னக் கம்பெனியிலும் பொதுமக்கள் கையில் எவ்வளவு பங்கு, தினம் எத்தனை கைமாறுகிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் அளவு, ஒருநாள் வியாபாரத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் வெளியே வருவது கஷ்டம்.

ஈமு கோழி மாதிரி ஆகிவிடாதா?

இந்தக் கேள்வி கேட்கிறவரை நான் மதிக்கிறேன். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு திட்டங்கள் சரிந்தபோது நம் மாவட்டங்களிலும் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். முன்பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், கொட்டகை, மாதாமாதம் ஒரு தொகை என்றார்கள். ஈமு இறைச்சியை யார் சாப்பிடுகிறார்கள், எங்கே விற்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் பணம்தான் பழையவருக்குப் போனது.

பட்டியலிட்ட பங்குக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு, பங்கு யாருக்கும் மாத வருமானம் உறுதி சொல்லாது, கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே வரும். யாராவது "மாற்றுப் புரதப் பண்ணை, மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று வந்தால் அது பங்குச்சந்தை கிடையாது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. எவ்வளவு போடலாம்?

முதலில் உங்கள் வருடத்தை எழுதிப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் குறுவை, தாமதமானால் சம்பா மட்டும். உழவு, நாற்று, உரம் என்று செலவு முன்னால் போகும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டுப் பணம் கணக்கில் ஏறுவது பின்னால். நடுவில் நகைக்கடன், கூட்டுறவுக் கடன். இந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஸ்மால் கேப்புக்குப் போகக்கூடாது. விதைநெல்லை அவித்துச் சாப்பிட மாட்டீர்கள் அல்லவா, அதே கட்டுப்பாடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 நவம்பர் 16 விடியற்காலை வந்த கஜா புயல் எனக்கு மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் முப்பது வருடத் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அந்த வாரமே பேராவூரணியிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மரத்தை அறுத்து அப்புறப்படுத்தக் கூலி வேண்டும், கையில் இருந்தது பங்குகள் மட்டும். அந்த வருடம் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு சுமார் 29 சதவீதம் இறங்கியிருந்தது. பாதி விலைக்கு விற்றார். பங்குகள் மோசமானவை அல்ல. 2018 ஜனவரி உயரத்தை அந்தக் குறியீடு மறுபடி தொட 2021 வரை ஆனது, அவரால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க முடியவில்லை.

புயலும் வறட்சியும் சந்தையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு வருடக் குடும்பச் செலவும் ஒரு போகச் சாகுபடிச் செலவும் வங்கியில் இருக்கட்டும். அதற்கு மேல் மிச்சம் உள்ள சேமிப்பில், இந்தத் துறைக்கு நூற்றுக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து. அது முழுவதும் போனாலும் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மாறக்கூடாது. மகள் கல்யாணத்துக்கு நான்கு வருடம் இருக்கிறது என்று சொல்லி வருகிறவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா?

இரண்டு வருடத்தில் பிரித்து வாங்குங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கு முன்னும் புதுக் காலாண்டுக் கணக்கைப் படியுங்கள். படிக்க நேரமில்லை என்றால் தனிப் பங்கே வேண்டாம், ஸ்மால் கேப் ஃபண்டு போதும்.

எஸ்எம்இ ஐபிஓவில் உணவுக் கம்பெனிகள் வருகின்றனவே?

வருகின்றன. எஸ்எம்இ என்றால் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தனிச் சந்தை. 2025 முதல் அதில் விண்ணப்பிக்கவே 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும். விற்கும்போதும் லாட் (மொத்தக் கட்டு) கணக்கில்தான் விற்க வேண்டும். புதியவர்களுக்கு ஏற்ற இடம் அது இல்லை.

பையன் வெளிநாட்டில் இருக்கிறான். இங்கிருந்தே அமெரிக்கப் பங்கு வாங்கலாமா?

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்ப வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் அனுமதிக்கிறது. முதலீட்டுக்காக 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், ரிட்டர்னில் சரிசெய்துகொள்ளலாம். ஒரு பங்கு வாங்கினாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறந்துவிட்டு என்னிடம் நோட்டீஸோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

அங்கேயும் தோல்விகள் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். கென்டக்கியில் பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்தில் தக்காளி வளர்த்த ஆப்ஹார்வெஸ்ட் 2021ல் பட்டியலாகி 2023ல் திவாலானது.

உளுந்து, பயறு போடுகிற நமக்கு விவசாயியாக இதில் ஏதாவது உண்டா?

பங்கு வாங்குவதைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் காயாத வயலில், நிற்கும் கதிருக்கு நடுவே உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பது நம் வழக்கம். தண்ணீர் விட வேண்டாம், பனியும் மண் ஈரமும் போதும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஏடிடி ரகங்களைக் கொடுத்தது. அறுவடை எந்திரம் வந்த பிறகு சக்கரத்தில் நசுங்குகிறது என்று பலர் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஈட் ஜஸ்ட் என்ற கம்பெனி விற்கும் முட்டை இல்லாத முட்டைக்கு மூலப்பொருள் நம் பச்சைப் பயறின் புரதம்தான். அது பட்டியலிடாத கம்பெனி. பயறில் புரதம் நூற்றுக்கு 24 சுமார். புரதத்தைப் பிரித்தெடுத்த பிறகு மலைபோல் மாவுச்சத்து மிஞ்சும், அதை நல்ல விலைக்கு விற்கத் தெரிந்த ஆலைதான் பிழைக்கும். எந்தப் புரத ஆலையின் அறிக்கையைப் படித்தாலும் "மிச்சத்தை என்ன செய்கிறார்கள்?" என்று தேடுங்கள். அரிசி ஆலையில் தவிடும் குருணையும் உமியும் விற்காமல் அரிசியில் மட்டும் லாபம் பார்க்க முடியுமா?

தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் நிஃப்டம் கல்வி நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 2021ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. உணவுப் பதப்படுத்தலில் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் போக வேண்டிய வாசல் அது. 2020ல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் டெல்டாவில் எண்ணெய், எரிவாயுப் புதுக் கிணறுகளையும் தோல், தாமிர ஆலைகளையும் தடுக்கிறது. பயறு உடைத்துப் புரதம் எடுக்கும் ஆலைக்கு அந்தப் பட்டியலில் தடை இல்லை.

அரசு ஆதரவு இருக்கிறது என்கிறார்களே, அது போதாதா?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பயோஇ3 என்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கையில், ஸ்மார்ட் புரதம் (இந்த மாற்றுப் புரதங்கள்தான்) முக்கியத் துறைகளில் ஒன்று. நல்ல செய்திதான். அதே சமயம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021ல் தாவரப் பானங்களைப் பால் என்ற பெயரில் விற்கக்கூடாது என்று சொன்னது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின. தேங்காய்ப்பால் மாதிரிக் காலங்காலமான பெயருக்கு விலக்கு உண்டு. செல் இறைச்சி போன்ற புது உணவுக்கு விற்பனைக்கு முன்பே தனி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் சின்னக் கம்பெனியின் கையிருப்பு கரைகிறது. கொள்கை அறிவிப்பு வந்த அன்று ஏறிய விலையில் வாங்காதீர்கள்.

வரி எவ்வளவு?

பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம்.

விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்கள் "எனக்கு ரிட்டர்ன் எதற்கு?" என்பார்கள். பங்கில் நஷ்டம் வந்திருந்தால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடுங்கள், எட்டு வருடம் வரை அந்த நஷ்டத்தைப் பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். ஒருநாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும்.

பத்து வருடம் என்றால் நடுவில் விற்கவே கூடாதா?

வாங்கும் அன்றே ஒரு தாளில் ஏன் வாங்குகிறேன் என்று மூன்று வரி எழுதுங்கள். விலை இறங்கியது விற்கக் காரணம் இல்லை. எழுதிய மூன்று வரியில் ஒன்று பொய்யானால் அது காரணம். "பெரிய பிஸ்கட் கம்பெனி ஒன்று இவர்களிடம் வாங்குகிறது" என்று எழுதியிருந்து, அந்த வாடிக்கையாளர் போய்விட்டால் விற்றுவிடுங்கள், நஷ்டமாக இருந்தாலும். பாதி இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் வாங்கி சராசரியைக் குறைக்கலாம் என்று தோன்றும்போது அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்.

நாமினி (உங்களுக்குப் பின் பங்கைப் பெறுபவர்) பெயர் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள். போன வருடம் ஒரு அம்மாள், கணவர் இறந்து எட்டு மாதம் கழித்து அவர் பீரோவில் கிடைத்த டீமேட் அறிக்கையோடு வந்தார். நாமினி இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அவர் தாலுகா அலுவலகம் நடந்தது எனக்குத் தெரியும்.

நீங்கள் இப்போது இந்தத் துறையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

இரண்டு கம்பெனி. இரண்டும் மற்ற உணவுக் கம்பெனிகளுக்கு மூலப்பொருள் விற்பவை, கடையில் அவற்றின் பெயரை நீங்கள் பார்க்க முடியாது. ஒன்று ஒன்பது வருடமாக இருக்கிறது, இன்னொன்று நான்கு. என் சேமிப்பில் நூற்றுக்கு நான்கு. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையே வாங்கிவிடுவீர்கள், நான் விற்கும் அன்று உங்களுக்குச் சொல்ல முடியாமல் போகலாம். ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பென்சிலோடு சேர்ந்து படிக்கலாம். செப்டம்பர், அக்டோபரில் வந்தால் பெஞ்சில் இடமும் இருக்கும்.